ஓணானுக்கு ஒரு தட்டு கீரை

வணக்கம் நேயர்களே. வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டு, குத்துது குடையுது என்றானாம் என்று ஒரு சொலவடை உண்டு. கல்லூரியில் படிக்கும் என் மகன் கண்ணாடித் தொட்டியோடு ஒரு தாடி ஓணானை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று என் மாமியார் சொன்னது அதைத்தான். பியர்டட் டிராகன் என்பார்கள். ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாடு அதன் பூர்வீகம். மிரண்டால் தொண்டை உப்பிக் கருத்துப்போகும்; அதுதான் தாடி.

குட்டியாக இருக்கும்போது பெரும்பாலும் பூச்சிதான் தீனி. வளர்ந்த பிறகு தட்டில் கீரையும் காயும்தான் அதிகம் இருக்க வேண்டும். சரி, எந்தக் கீரை? நான் முதலில் வாங்கியது பாலக்கீரை. நமக்கு நல்லதுதானே என்ற நினைப்பு. அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. தண்டுக்கீரை, சிறுகீரையும் அதே குடும்பம், அதே குணம். எப்போதாவது என்றால் பரவாயில்லை, தினப்படி ஆகாது. சுண்ணாம்பு குறைந்தால் எலும்பு வளையும், தாடை ரப்பர் போல ஆகிவிடும். தீனியில் பாஸ்பரஸ் ஒரு பங்கு என்றால் கால்சியம் இரண்டு பங்கு வேண்டும் என்பது கணக்கு. கால்சியம் பொடி தூவினாலும், யுவிபி என்ற புற ஊதாக் கதிர் தரும் விளக்கு இல்லாமல் உடம்பில் ஒட்டாது. ஜன்னல் கண்ணாடி வழியே விழும் சேலத்து வெயில் இதற்கு உதவாது.

இப்போது சூரமங்கலம் உழவர் சந்தையில் நான் தேடுவது முருங்கைக்கீரையும் ஒரு கீற்று அரசாணிக்காயும்தான், அதாவது பரங்கிக்காய். மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவுவேன். வேகவைப்பதில்லை. கீரையை ஆய்ந்து அரிந்து, அரசாணியைத் துருவிக் கலப்பேன். அதன் இரண்டு கண்களுக்கு நடுவே எவ்வளவு அகலமோ அதைவிடப் பெரிய துண்டு கூடாது, தொண்டையில் சிக்கும். ஈரத்தை முழுக்க வடிக்க வேண்டாம். தண்ணீர்க் கிண்ணத்தைத் திரும்பியே பார்க்காத பிராணிக்கு அந்தச் சொட்டுகள்தான் குடிநீர்.

ஏற்காட்டுக்குப் போனால் யாராவது ஒரு பை வெண்ணெய்ப்பழம் (அவகாடோ) கொடுத்துவிடுவார்கள். நாமே சாப்பிட்டு முடிப்போம். ஓணானுக்கு அது விஷம், ஒரு துண்டுகூட வேண்டாம்.

அப்புறம், வெறும் பச்சையாகத் தட்டை வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மேலே ஒரு செம்பருத்தி இதழைப் போட்டால் சிவப்பைக் கண்டு பாய்ந்து வரும், இதழோடு ஒரு வாய் கீரையும் உள்ளே போகும். சாமிக்குப் பூப் பறிக்கும் மாமியார் தினமும் ஒன்றைத் தட்டோரம் வைத்துவிடுகிறார். கேட்டால், அது காம்பு ஒடிந்த பூவாம்.