அல்லாஹ்வைச் சொல்லிப் பூச்சாண்டி காட்டாதீர்கள்

அஸ்ஸலாமு அலைக்கும். துணிக்கடைகள் நிறைந்த பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் நின்று பேசுகிறேன், இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ரமலான் நெருங்கிவிட்டது, கால் வைக்க இடமில்லை. ஆனால் துணி விலை சொல்ல வரவில்லை. பிள்ளை வளர்ப்பைப் பற்றி மனத்தில் கிடப்பதைச் சொல்லிவிடுகிறேன்.

நம் வீடுகளில் பிள்ளை தப்பு செய்தால் உடனே வந்து விழுகிற வார்த்தை, "அல்லாஹ் கண்ணைக் குத்திவிடுவான்." சோறு வேண்டாம் என்றாலும் அதுதான், தம்பியை அடித்தாலும் அதுதான். மூன்று வயதில் நடுங்குகிற பிள்ளை, பத்து வயதில் கணக்குப் போடுகிறது: பொய் சொன்னோம், கண் நன்றாகத்தானே இருக்கிறது? அன்றோடு பயம் விட்டுப்போகிறது. படைத்தவனைப் பூச்சாண்டியாக அறிமுகம் செய்துவைத்தது நாம். பதினாறு வயதில் "இவனுக்கு இறையச்சமே இல்லை" என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் (மார்க்க ஆசிரியரிடம்) போய் அழுவதும் நாமே.

குர்ஆனில் 31ஆவது அத்தியாயத்தில் லுக்மான் என்ற ஞானி தன் மகனிடம் பேசுவதைக் கவனியுங்கள். "என் அருமை மகனே" என்று மூன்று முறை அழைக்கிறார். கடுகளவு செயலாக இருந்தாலும், அது பாறைக்குள் கிடந்தாலும், வானங்களிலோ பூமியிலோ இருந்தாலும், அல்லாஹ் அதை வெளியே கொண்டுவருவான் என்கிறார். கண்ணைக் குத்துகிற பேச்சே அங்கு இல்லை. யாருக்கும் தெரியாமல் செய்த கடுகளவு நன்மையும் வீண்போகாது என்று பிள்ளைக்குச் சொல்ல இதைவிட நல்ல இடம் எது?

இந்தக் கடைகளில் பண்டிகைக் காலத்துக்கு மட்டும் வேலைக்குச் சேரும் பையன்களைப் பாருங்கள். மீசை அரும்பாத வயது. ஒரு புடவையில் விரல்நுனி அளவுக்கு எண்ணெய்க் கறை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கறை உள்ளே போகும்படி திருப்பி மடித்துவிட்டால், வாங்குகிற அம்மாவுக்கு வீடு போய்ப் பிரிக்கும்வரை தெரியாது. தலைக்கு மேலே கேமரா இருக்கிறது, ஆனால் மடிப்புக்குள் இருப்பது கேமராவுக்குத் தெரியுமா? அந்தப் பையனை அந்த ஒரு நொடியில் தடுத்து நிறுத்துவது எதுவோ, அதைத்தான் நாம் வளர்க்க வேண்டும்.

நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. கேட்டபோது, மழை பட்டுவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டு, மோசடி செய்பவர் என்னைச் சேர்ந்தவர் அல்லர் என்றார்கள். நபிமொழித் தொகுப்பான ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. மார்க்கச் சட்ட அறிஞரான இமாம் அபூஹனீஃபாவும் துணி வியாபாரிதான். குறையுள்ள ஒரு துணியை, குறையைச் சொல்லி விற்கும்படி கூட்டாளியிடம் சொல்லியிருந்தார். அவர் மறந்து விற்றுவிட்டார். வாங்கியவரைக் கண்டுபிடிக்க முடியாமல் போனதால், விற்ற பணம் முழுவதையும் இமாம் தர்மம் செய்துவிட்டார் என்று அவருடைய வரலாற்றில் வருகிறது. தொழுகையில் கை எங்கே கட்டுவது என்பதற்கு அவருடைய மத்ஹபை, அதாவது சட்ட வழிமுறையை, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம், நல்லது. இந்தத் துணிக் கதையையும் சொல்லுங்கள்.

நோன்பு நாளில் பள்ளிவாசல் ஹவுளில் (தண்ணீர்த் தொட்டியில்) லுஹர் என்ற நண்பகல் தொழுகைக்கு ஒளு செய்கிற, அதாவது வாய், முகம், கை, கால் கழுவுகிற பத்து வயதுப் பையனைப் பார்த்திருக்கிறீர்களா? உதடு காய்ந்திருக்கும். ஒரு கை தண்ணீரை அள்ளி வாயில் விடுவான். ஒரு துளி உள்ளே இறங்கிவிடக் கூடாது என்று தலையைக் குனிந்தபடியே கொப்பளித்துத் துப்புவான். சந்தேகத்துக்கு இன்னொரு முறையும் துப்புவான். ஒரு மிடறு விழுங்கினால் உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் விழுங்கமாட்டான். "நோன்பு எனக்குரியது, அதற்கு நானே கூலி தருகிறேன்" என்று அல்லாஹ் சொல்வதாக வரும் ஹதீஸை (நபிமொழியை) அந்தப் பையனிடம் சொல்லிப் பாருங்கள், முகம் மலர்ந்துவிடும். "தண்ணீர் வாய்வரை வந்தும் நீ குடிக்கவில்லையே, யார் பார்த்தார்கள்?" என்று கேளுங்கள். பதிலை அவனே சொல்வான். பரீட்சை அறையிலும், கதவைச் சாத்திக்கொண்டு பார்க்கிற செல்பேசியிலும் அதே பதில்தான் என்று அவனுக்குப் புரியும். பருவம் அடையாத பிள்ளைக்கு நோன்பு கடமை இல்லை, அதனால் வாடி விழும்வரை கட்டாயப்படுத்தாதீர்கள்.

சில வீடுகளில் அத்தா (அப்பா) துபாயில் இருக்கிறார், அங்கிருந்தே மகனின் செல்பேசியைக் கண்காணிக்கிறார். சின்னப் பிள்ளைக்கு அது தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் கண்காணிப்பு மட்டுமே இருந்தால், இணைப்பு அறுந்த நாளில் என்ன மிஞ்சும்?

இன்னொன்று, கடன் கேட்டு யாராவது வந்தால் "அத்தா வீட்டில் இல்லை என்று சொல்" என்று பிள்ளையை வாசலுக்கு அனுப்புவது. "வா, ஒன்று தருகிறேன்" என்று மகனைக் கூப்பிட்ட தாயிடம், என்ன தரப்போகிறாய் என்று கேட்டார்கள் நபியவர்கள். பேரீச்சம்பழம் என்றார். ஒன்றும் தராமல் விட்டிருந்தால் உன்மேல் ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும் என்றார்கள். பிள்ளையைக் கூப்பிடுகிற சாதாரண வார்த்தைக்கே இந்தக் கணக்கு!

ராயபுரம், மண்ணடி, புளியந்தோப்புப் பக்கத்து ஜமாஅத் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வருடம் நோன்புக் கஞ்சியை விடலைப் பையன்கள் பொறுப்பில் விடுங்கள். பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்கட்டும், ஆனால் அகப்பை அவர்கள் கையில் இருக்கட்டும். அண்டாவின் அடியில் தங்குகிற கெட்டிக் கஞ்சியைக் கூட்டாளிக்கு ஒதுக்குவதா, தூக்குச்சட்டியோடு கடைசியில் நிற்கிற அடுத்த தெரு ஆயாவுக்கு ஊற்றுவதா என்று அவர்களே முடிவு செய்யட்டும். அரிசி, இறைச்சி வாங்கிய கணக்கையும் அவர்களே எழுதி, ஜும்ஆ முடிந்ததும் அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். நூறு ரூபாய் குறைந்தால் திட்டாமல், உட்கார்ந்து கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் மஹல்லாவில் (பள்ளிவாசல் பகுதியில்) ஏற்கெனவே இப்படி நடக்கிறது என்றால், எந்த வயதுப் பையன்களிடம் எதை ஒப்படைத்திருக்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். பெண்பிள்ளைகளுக்கு என்ன பொறுப்பு கொடுக்கலாம் என்பதைத் தாய்மார்கள் சொல்லுங்கள், அதை வைத்தே அடுத்த பதிவு போடுகிறேன். அஸ்ஸலாமு அலைக்கும்.