பூட்டு சின்னம் இருந்தால் நம்பலாமா? சேல் நேரச் சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். வந்திருக்கும் கேள்விகளில் ஒன்றை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதில் கொஞ்சம் அவசரம் இருக்கிறது. ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: "பெரிய சேல் ஆரம்பித்த அன்று வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் வந்தது. தெரிந்த கடையின் பெயர்தான், பூட்டு சின்னமும் இருந்தது. கார்டு விவரத்தைக் கொடுத்தேன். ஓடிபி வந்தபோது ஏதோ சரியில்லை என்று தோன்றியது, அப்படியே மூடிவிட்டேன். பணம் போகவில்லை. இன்னும் ஆபத்து இருக்கிறதா? இனிமேல் எதை வைத்து நம்புவது? அம்மாவும் இப்போது போனில் வாங்க ஆரம்பித்திருக்கிறார். அவருக்கு எப்படிச் சொல்லித் தருவது?"

முதல் கேள்விக்குச் சுற்றி வளைக்காமல் பதில் சொல்கிறேன். ஆபத்து இருக்கிறது. வீடியோவை இங்கேயே நிறுத்திவிட்டு, கார்டின் பின்பக்கம் உள்ள எண்ணுக்குப் போன் செய்து, அல்லது வங்கியின் ஆப்பில் போய், அந்தக் கார்டை பிளாக் செய்யுங்கள். வேறு எண் உள்ள புதுக் கார்டு கேளுங்கள். "ஓடிபி கொடுக்கவில்லையே" என்று நினைப்பீர்கள். எல்லா இடத்திலும் ஓடிபி கேட்பதில்லை. கார்டு எண், காலாவதி தேதி, சிவிவி என்கிற கார்டின் ரகசியக் குறியெண் இந்த மூன்றும் இருந்தாலே பணத்தை எடுத்துக்கொள்ளும் தளங்கள் உலகத்தில் நிறைய உண்டு. அப்புறம், திருடியவர் அதை அன்றைக்கே பயன்படுத்துவார் என்றும் இல்லை. கார்டு விவரங்களை மொத்தமாக வாங்கி விற்பதே சிலருக்குத் தொழில். இன்று ஒன்றும் நடக்கவில்லை என்றால் அதற்கு அர்த்தம் இன்று நடக்கவில்லை என்பது மட்டும்தான். அந்தப் பக்கத்தில் பாஸ்வேர்டும் கொடுத்திருந்தால், உண்மையான கடையில் அதை மாற்றுங்கள். அதே பாஸ்வேர்டை ஈமெயிலுக்கும் வைத்திருந்தால், முதலில் ஈமெயில்.

சரி, பிரவுசரில் தளத்தின் முகவரிக்குப் பக்கத்தில் வரும் அந்தப் பூட்டு சின்னத்துக்கு வருவோம். இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் கேள்வி வருகிறது. இணையம் பரவிய காலத்தில் "பூட்டு இருக்கிறதா என்று பார்" என்று எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டோம், இப்போது அதுவே தொல்லையாகிவிட்டது. பூட்டு சொல்வது ஒன்றே ஒன்றுதான்: உங்கள் போனிலிருந்து அந்தத் தளத்துக்குப் போகும் தகவலை நடுவழியில் யாரும் படிக்க முடியாது. அந்த முனையில் இருப்பவர் யார், நல்லவரா கெட்டவரா என்று அது சொல்லாது. திருடனே அங்கே உட்கார்ந்திருந்தால், உங்கள் கார்டு எண் வழியில் ஒரு சேதாரமும் இல்லாமல் பத்திரமாக அவன் கைக்குப் போய்ச் சேரும். இந்தப் பூட்டுக்கான சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு 2015 முதல் இலவசமாகவே தருகிறது. நல்ல எண்ணத்தில் செய்வதுதான், ஆனால் போலித் தளம் நடத்துபவருக்கும் அது சில நிமிடத்தில் கிடைத்துவிடுகிறது. மக்கள் இதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதால்தான் கூகுள் 2023இல் குரோம் பிரவுசரில் அந்தப் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டு வேறு ஒரு சின்னத்தை வைத்தது.

அப்படியானால் எதைப் பார்ப்பது? முகவரியை. அதையும் படிக்கிற முறையில் படிக்க வேண்டும். ஒரு பேச்சுக்கு, கடையின் பெயர் நீலவானம், அதன் உண்மையான முகவரி 'நீலவானம் டாட் காம்' என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு வந்த லிங்க் 'நீலவானம் டாட் காம் டாட் மெகாஆஃபர் டாட் ஷாப்', அதற்குப் பிறகு ஒரு சாய்கோடு, பின்னால் நீளமாக என்னென்னவோ. நாம் இடமிருந்து வலமாகப் படிப்பவர்கள். 'நீலவானம் டாட் காம்' என்று பார்த்ததுமே மனசு ஒத்துக்கொள்ளும், மீதியைப் படிக்காது. பிரவுசருக்கு அந்தக் கணக்கு கிடையாது. 'எச்டிடிபிஎஸ்' பக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அதற்கு அடுத்து வரும் முதல் சாய்கோட்டைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து பின்னோக்கி, இடப்பக்கமாக வாருங்கள். கடைசி இரண்டு துண்டு என்ன? 'மெகாஆஃபர் டாட் ஷாப்'. அதுதான் சொந்தக்காரர். அதற்கு முன்னால் யார் பெயரை வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. சில நாடுகளில் 'டாட் கோ டாட் யூகே' போல இரட்டை வால் இருக்கும், அங்கே மூன்று துண்டு பாருங்கள்.

போனில் இன்னொரு சிக்கல். திரை சின்னது, முகவரி பாதியில் வெட்டுப்படும். முகவரிப் பட்டையை ஒருமுறை தொட்டால்தான் முழுசாக விரியும். வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் போன்ற ஆப்களில் வருகிற லிங்க்கைத் தொட்டால், சில நேரம் அந்த ஆப்புக்குள்ளேயே ஒரு குட்டி ஜன்னலில் தளம் திறக்கும். அதில் முகவரியைச் சரியாகப் பார்ப்பதே கஷ்டம்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். முகவரி படிக்கிற இந்தத் திறமையை நம்பி நான் வாங்குவதில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு, தூக்கக் கலக்கத்தில், ஆஃபர் முடிய இன்னும் நான்கு நிமிடம் என்று ஓடிக்கொண்டிருக்கும்போது யாருக்குமே கண் ஏமாறும். நான் பார்ப்பது, கடைக்குள் எந்த வழியாக வந்தேன் என்பதை. நானே ஆப்பைத் திறந்தேனா, நானே முகவரியைத் தட்டினேனா, இல்லை யாரோ கையைப் பிடித்துக் கூட்டி வந்தார்களா? மெசேஜில் வந்த லிங்க், ஈமெயிலில் வந்த பட்டன், சமூக ஊடகத்தில் வந்த விளம்பரம், சுவரில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடு எல்லாம் ஒரே வகைதான். அனுப்பியவர் உங்கள் சொந்தத் தங்கையாகவே இருக்கலாம். அவருக்கு யாரோ அனுப்பியிருப்பார்கள். 'பத்துப் பேருக்கு அனுப்பினால் கூப்பன்' என்று போட்டிருந்தால் நம்பி அனுப்பத்தானே செய்வார். ஆஃபர் உண்மை என்றால், லிங்க்கை விட்டுவிட்டு நீங்களே கடையின் ஆப்பைத் திறந்து தேடினாலும் அது அங்கே இருக்கும். இல்லை என்றால், விஷயம் முடிந்தது. தேடுபொறியில் கடையின் பெயரைத் தட்டும்போதும் மேலே 'விளம்பரம்' என்று வருவதைத் தாண்டிக் கீழே போங்கள். அந்த இடம் காசு கொடுத்து வாங்குகிற இடம்.

அவசரப்படுத்துவது பற்றி ஒரு வார்த்தை. பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏறக்குறைய 11,000 ஷாப்பிங் தளங்களைச் சலித்துப் பார்த்து 2019இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். சில தளங்களில் நேரம் ஓடி முடிந்த பிறகும் ஆஃபர் அப்படியே இருந்ததாம், சிலவற்றில் கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓட ஆரம்பித்ததாம். இவை போலித் தளங்கள் அல்ல, நிஜமாகவே பொருள் விற்கும் கடைகள்! கடிகாரத்தைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

பணம் கட்டும் இடத்தில், ஓடிபி மெசேஜை முழுசாகப் படியுங்கள். நாம் என்ன செய்கிறோம்? திரையின் மேலே மெசேஜ் எட்டிப் பார்க்கும்போதே அந்த ஆறு இலக்கத்தை மட்டும் மனப்பாடம் செய்து தட்டிவிடுகிறோம். அதே மெசேஜில் பெரும்பாலும் தொகையும், பணம் யாருக்குப் போகிறது என்பதும் இருக்கும். பொருளின் விலை ஒன்று, மெசேஜில் உள்ள தொகை வேறு என்றால் அங்கேயே நிற்க வேண்டும். இந்தச் சகோதரி சரியாக அந்த இடத்தில்தான் நின்றிருக்கிறார், கெட்டிக்காரர்.

முடிந்தால் டெபிட் கார்டைவிட கிரெடிட் கார்டு நல்லது. தகராறு வந்தால், விசாரணை முடியும்வரை மாட்டிக்கொண்டிருப்பது உங்கள் சேமிப்பாக இருக்காது. உங்கள் வங்கி ஆப்பில் விர்ச்சுவல் கார்டு வசதி, அதாவது உங்கள் உண்மையான கார்டு எண்ணுக்குப் பதிலாகக் கொடுக்க வேறு எண் உருவாக்கித் தரும் வசதி, இருந்தால் இன்னும் நல்லது. ஏனென்றால் உண்மையான கடையிலும் திருட்டு நடக்கலாம். 2018இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தளத்தில் திருட்டு நிரல் புகுந்து, பயணிகள் தட்டிய கார்டு விவரங்கள் வெளியே போயின. அதற்காக 2020இல் 2 கோடி பவுண்ட் அபராதம் போட்டார்கள். பெரிய பெயர் என்பதால் மட்டும் எதுவும் நடக்காது என்று சொல்ல முடியாது. கிஃப்ட் கார்டாகவோ கிரிப்டோவாகவோ பணம் கேட்டால் யோசிக்கவே வேண்டாம், போனது திரும்பாது.

வாங்கி முடித்த பிறகும் ஒரு வாரம் கவனமாக இருங்கள். "உங்கள் பார்சல் நின்றுவிட்டது, முகவரி முழுமையாக இல்லை, சிறு கட்டணம் கட்டுங்கள்" என்று மெசேஜ் வரும். சேல் சமயத்தில் எல்லோருக்கும் ஏதோ ஒரு பார்சல் வர வேண்டியிருக்கும், அதனால் குத்துமதிப்பாக அனுப்பினாலே போதும். கேட்கிற தொகை மிகச் சிறியதாக இருக்கும். அவர்களுக்கு அது பெரிதல்ல, உங்கள் கார்டு எண்தான் வேண்டும். அதேபோல் வாடிக்கையாளர் சேவை எண்ணை இணையத்தில் தேடி எடுக்காதீர்கள், போலி எண்களைப் போட்டுவைத்துக் காத்திருக்கிறார்கள். உங்கள் ஆர்டர் பக்கத்துக்குள் இருக்கும் எண்ணையோ சாட்டையோ பயன்படுத்துங்கள். பேசுகிறவர் 'பணத்தைத் திருப்பித் தர ஒரு ஆப் போடுங்கள், திரையைக் காட்டுங்கள்' என்றால் உடனே வைத்துவிடுங்கள்.

கடைசியாக அம்மா. அவருக்கு நான் சொன்ன சாய்கோட்டுக் கதையெல்லாம் வேண்டாம். அவர் வழக்கமாக வாங்கும் கடையின் ஆப்பை நீங்களே போனில் போட்டு, முதல் திரையில் வையுங்கள். வாங்க வேண்டும் என்றால் இதைத் தொட்டுத்தான் என்று மட்டும் பழக்குங்கள். குறைந்த வரம்பு வைத்த தனிக் கார்டு ஒன்றை மட்டும் அதில் சேர்த்துக் கொடுங்கள். வேறு எந்த மெசேஜ் வந்தாலும் தொடுவதற்கு முன்னால் உங்களுக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பினால் எரிந்து விழாதீர்கள். "இது கூடத் தெரியாதா" என்று ஒரு தடவை கேட்டீர்கள் என்றால், அடுத்த முறை பணம் போன பிறகும் உங்களிடம் சொல்ல மாட்டார். வேலை நேரமாக இருந்தாலும் அந்த ஸ்கிரீன்ஷாட்டுக்கு மட்டும் உடனே பதில் போட்டுவிடுங்கள்.