கட்டியங்காரன் கேட்குறான்: காய்ச்சுனா போயிடுமா?

வணக்கம் நேயர்களே. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பல்லெல்லாம் காவி படிஞ்ச பிள்ளைங்கள பாத்திருப்பீங்க, அது பல்லு விளக்காததால வந்த கறை இல்லீங்க, பாறைக்குள்ள ஆழமா போர் போட்டு எடுக்குற தண்ணியில இருக்குற ஃபுளோரைடு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல போனா ஆகாது, வருஷக்கணக்கா குடிச்சா பல்லோட நிக்காம முட்டி, முதுகெலும்புன்னு இறுகிப் போயிடும். ஆனா தண்ணிய பாத்தா தெளிவா இருக்கும், வாசமும் இருக்காது, அப்புறம் யாரு நம்புவா?

அதான் சனத்துக்கு இத புரிய வைக்க நாங்க தெருக்கூத்துல இறங்கினோம். 1990கள்ல அறிவொளிங்குற எழுத்தறிவு இயக்கத்தோட கலைக்குழுக்கள் ஊர் ஊரா போட்ட பாதைதான் இது, ஆனா அப்படிப்பட்ட நாடகங்கள்ல எனக்கு ஒரு மனக்குறை உண்டு, பாட்டு அருமையா இருக்கும், கடைசியில சனம் கைதட்டிட்டு எழுந்து போயிடும், அவங்க பேச இடமே இருக்காது. கூத்துல அதுக்குன்னே ஒருத்தன் இருக்கானே, கட்டியங்காரன், ராஜாவையும் கிண்டல் பண்ணுவான் கூட்டத்தையும் வம்புக்கு இழுப்பான்.

எங்க கூத்துல மாமியார் வேஷக்காரர், ஆம்பளைதான், மீசைய முந்தானையால மறைச்சுக்கிட்டு போர் தண்ணிய அடுப்புல ஏத்துவாரு. கட்டியங்காரன் "காய்ச்சுனா போயிடுமா?"ம்பான். "போயிடும்"னு மொத்த கூட்டமும் கத்தும். அட, கிருமிதாங்க சாகும், தண்ணி ஆவியாக ஆவியாக ஃபுளோரைடு சட்டியிலேயே தங்கி இன்னும் அதிகமாத்தான் ஆகும்!

அப்போ எதக் குடிக்கிறது? 2013ல ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வந்துச்சு, குடிக்கவும் சமைக்கவும் அந்த காவேரித் தண்ணியத்தான் எடுக்கணும்னு பாடிக்கிட்டிருந்தோம். ஒரு ஊர்ல ஒரு அம்மா எழுந்து, "காவேரிய குடிங்குறியே, எங்க டேங்க்குல அதையும் போர் தண்ணியையும் ஒண்ணா ஏத்தி விடுறாங்க, நான் எதப் பிரிச்சு குடிக்க?"ன்னு கேட்டாங்க பாருங்க, எங்ககிட்ட அதுக்கு வசனமே இல்ல. டேங்க் ஆபரேட்டரும் கூட்டத்துல இருந்தாரு, "காவேரி பத்தலக்கா, மாட்டுக்கும் துணிக்கும் அதே குழாய்தானே"ன்னாரு. கட்டியங்காரன் விடல, ரெண்டு பேரையும் நடுவுல இழுத்துட்டான், கூத்து அப்படியே நின்னு சண்டை ஆரம்பிச்சுது, கடைசியில காவேரிக்குத் தனி தொட்டி, தனி நேரம்னு கிராம சபையில மனு குடுக்கலாம்னு அவங்களே பேசி முடிச்சாங்க.

இப்பல்லாம் எந்த ஊருக்குப் போனாலும் தலைவர கூப்பிடுறோமோ இல்லையோ, டேங்க் ஆபரேட்டர முன் வரிசையில உக்கார வச்சுட்டுத்தான் மத்தளத்துல கை வைக்கிறோம்.