கறுப்புச் சட்டை மாமாவை எந்த நாட்டில் சேர்ப்பது?

வணக்கம் மக்களே. சத்தம் சரியாகக் கேட்கிறதா? போன வீடியோ முழுக்க உஸ்ஸு உஸ்ஸு என்று காற்றுதான் பேசுகிறது, நீ எங்கே பேசினாய் என்று திட்டித் தீர்த்தீர்கள். நியாயம்தான். பாம்பன் கரையில் கச்சான் காற்று அடிக்கிறபோது மைக்கைப் பிடித்தால் அப்படித்தான் இருக்கும். மைக்குக்கு மாட்டுகிற உறை ஒன்று உண்டு, பூனைக்குட்டி மாதிரி புசுபுசு என்று இருக்கும், ஆன்லைனில் 449 ரூபாய். நாலு விரல் அகலத் துணிக்கு 449 ரூபாயா! அந்தக் காசுக்கு மீன் வாங்கினால் எங்கள் வீடே உட்கார்ந்து சாப்பிடும். அதனால் அக்கா பையனின் பழைய காலுறையை வெட்டி, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவிட்டேன். பச்சைக் கலர், யானைப் படம் போட்டது. இதோ பாருங்கள். செலவு பூஜ்யம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நேற்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஓர் உலக வரைபடம் வந்தது. கடவுள் இல்லை என்கிற நாடுகளுக்கெல்லாம் சிவப்பு பூசி, சீனா, செக், ஜப்பான் எல்லாம் ரத்தமாக இருக்கிறது, இந்தியா வெள்ளை வெளேர். எனக்கு இந்த மாதிரி பெயிண்ட் அடிக்கிறவர்களைக் கண்டாலே ஆகாது. என்ன கேள்வி கேட்டு இந்தக் கணக்கு எடுத்தார்கள் என்று ஓரத்தில் ஒரு வரி போட்டால் என்ன குறைந்துவிடும்?

2012-இல் ஒரு பன்னாட்டுக் கருத்துக்கணிப்பு வந்தது. அதில் உறுதியான நாத்திகர் என்று சொன்னவர்கள் சீனாவில் 47 சதவீதம், ஜப்பானில் 31, செக்கில் 30, பிரான்ஸில் 29. இந்தியாவில் 3. ஜப்பானில் பார்த்தால், புத்தாண்டின் முதல் மூன்று நாளில் டோக்கியோவின் மெய்ஜி கோயிலுக்கு மட்டும் 30 லட்சம் பேர் போகிறார்கள். நம் ராமேஸ்வரத்தில் ஆடி அமாவாசைக் கூட்டத்தைப் பார்த்து மூச்சு முட்டுகிற எனக்கே தலை சுற்றுகிறது. காசு போட்டு, கைதட்டிக் கும்பிட்டுவிட்டு வருகிறார்கள், உன் மதம் என்ன என்றால் பாதிப் பேருக்கு மேல் ஒன்றுமில்லை என்பார்கள்.

வியட்நாம் இதைவிட வேடிக்கை. 2019 கணக்கெடுப்பில் 86 சதவீதம் பேர் மதம் இல்லாதவர்கள். ஆனால் வீட்டுக்கு வீடு தாத்தா பாட்டி படம் வைத்து, ஊதுவத்தி ஏற்றிப் படைக்கிறார்கள். இதே வேலையைத்தான் இங்கே அக்னி தீர்த்தத்தில் எள்ளும் தண்ணீருமாகச் செய்கிறோம். அங்கே அது மதம் இல்லை, இங்கே அது மதம்!

இப்போது என் மாமா. பழைய வீடியோ பார்த்தவர்களுக்குத் தெரியும், விசைப்படகில் போகிற கறுப்புச் சட்டை மாமா. படகு கிளம்பும்போது மற்றவர்கள் சூடம் காட்டினால் இவர் பின்னால் நின்று வெற்றிலை போடுவார். ஆனால் அம்மாச்சி திதிக்கு மட்டும் அதிகாலையில் ஈர வேட்டியோடு கடற்கரையில் நிற்பார். கேட்டால், "அது சாமிக்கு இல்ல மாப்பிள்ளை, எங்க ஆத்தாவுக்கு." வியட்நாமில் பிறந்திருந்தால் அந்த 86-க்குள் சத்தமில்லாமல் போயிருப்பார்.

ஆங், செக் பற்றிச் சொல்ல விட்டுவிட்டேன். 2021 கணக்கெடுப்பில் 48 சதவீதம் பேர் மதமில்லை என்றார்கள். அங்கே அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது கட்டாயமில்லை, 30 சதவீதம் பேர் காலியாகவே விட்டுவிட்டார்கள். இந்த இரண்டையும் கூட்டித்தான் வரைபடக்காரர்கள் 78 என்று அடிக்கிறார்கள். காலியாக விட்டவன் சர்ச்சுக்குப் போகிறவனாக இருந்தால்? அதுவும் அதற்கு முந்தைய 2011 கணக்கெடுப்பில், 15,000 பேருக்கு மேல் ஹாலிவுட் விண்வெளிப் படத்தில் வருகிற ஜெடாய்தான் என் மதம் என்று எழுதினார்கள். ரசித்தேன்.

சட்டம் போட்டுச் செய்தது அல்பேனியா. 1967-இல் மசூதி, சர்ச் எல்லாவற்றையும் இழுத்து மூடி, உலகின் முதல் நாத்திக நாடு என்று அறிவித்தார்கள். அந்த ஆட்சி போன பிறகு, 2011 கணக்கெடுப்பில் நாத்திகர் என்று பதிந்தவர்கள் 2.5 சதவீதம். அவ்வளவுதான்.

நம்ம கதைதான் எனக்கு எரிச்சல். இந்தியாவில் 2011-இல் நாத்திகர் என்று பதிவானவர்கள் 33,304 பேர். நூற்றி இருபது கோடியில்! மகாராஷ்டிரா 9,652, மேகாலயா 9,089, கேரளா 4,896. தமிழ்நாடு? 1,297. பெரியார் பிறந்த மண்ணில் 1,297! எங்கள் தெருவில் ஒரு காதுகுத்துக்கு இதைவிட அதிகம் பேர் வருவார்கள். மதம் எதையும் குறிப்பிடாதவர்கள் சுமார் 29 லட்சம் பேர் தனியாக இருக்கிறார்கள், அதில் யார் யாரோ.

அந்த 1,297-இல் மாமா இல்லை. அது எப்படி என்று நேற்று அவரிடமே கேட்டேன். 2011 பிப்ரவரியில் கணக்கெடுக்க வந்தபோது அவர் கடலில். அத்தைதான் வாசலில் நின்று எல்லாருக்கும் இந்து என்று சொல்லி, ஒரு டம்ளர் மோரும் கொடுத்து அனுப்பியிருக்கிறார். பதினைந்து வருடம் கழித்துத்தான் மனிதருக்கே தெரிகிறது! முகத்தைப் பார்க்க வேண்டுமே.

அடுத்த கணக்கெடுப்பு 2027 பிப்ரவரியில் வருகிறது, இந்தத் தடவை நானே வாசலில் உட்கார்ந்து சொல்வேன் என்று சத்தம் போட்டார். அத்தை மீனை ஆய்ந்துகொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னார்: "மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல்லதான் வருது. பிப்ரவரியில நீங்க எங்க இருப்பீங்க?"