நல்ல நோட்டு ஏன் இருட்டா இருக்கு?

[காட்சி: இருட்டு அறை. மேசை மேல் யூவி (புற ஊதா) விளக்கு. அதன் கீழே ஒரு நூறு ரூபாய் நோட்டு, பக்கத்தில் அதே அளவுக்கு வெட்டிய ஜெராக்ஸ் பேப்பர்.]

விளக்கைப் போடறேன், பாருங்க. ஒண்ணு நீலமா பளபளன்னு ஜொலிக்குது. இன்னொண்ணு மங்கிப்போய், இருக்கற இடமே தெரியாம கிடக்குது. இதுல நோட்டு எது?

ஜொலிக்கறதைக் காட்டினீங்கன்னா தப்பு. அது ஜெராக்ஸ் பேப்பர். மங்கிக் கிடக்கறதுதான் நூறு ரூபா.

ஜவுளிக்கடை கல்லா, பெட்ரோல் பங்க், எங்க போனாலும் இந்த ஊதா விளக்குப் பெட்டி இருக்கு. இதுல என்ன பார்க்கறீங்கன்னு கேட்டா, "மின்னுதான்னு பார்ப்போம்"னு சொல்றாங்க. பார்க்க வேண்டியது முதல்ல மின்னாத இடத்தை.

காரணம் இதுதான். காகிதக் கூழ் இயல்பிலேயே அவ்வளவு வெள்ளை கிடையாது, லேசா மஞ்சள் அடிக்கும். அதை மறைக்க ஆலையிலேயே ஒரு வெளுப்பூட்டி கலக்கறாங்க. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை அது வாங்கிக்கிட்டு, நீல ஒளியா திருப்பிக் கொடுக்கும். அந்த நீலம் மஞ்சளை அமுக்கிடும். சலவைத் தூள்ல "பளிச்" வெண்மைக்குப் போடறதும் இந்தச் சரக்குதான். ரூபா நோட்டுக் காகிதம் பருத்தி நாரால ஆனது. அதுல வெளுப்பூட்டி சேர்க்கறதில்ல. வேணும்னே விட்டு வைக்கற இருட்டு அது.

[காட்சி: நோட்டின் நம்பர் பகுதி, மிக அருகில்.]

கரும்பலகை இருந்தாத்தானே சாக்பீஸ் தெரியும்? இந்த நம்பரைப் பாருங்க, ஒளிருது. 1996-ல மகாத்மா காந்தி வரிசை நோட்டு வந்தப்பவே நம்பரை ஒளிரும் மையில அச்சடிச்சாங்க. அங்கங்க சின்னச் சின்ன மயிரிழை மாதிரி தெரியுதே, அது மை இல்ல, நார். கூழா இருக்கும்போதே கலந்து விட்டது, அதனால காகிதத்தோட உடம்புக்குள்ளயே கிடக்கும். கள்ள நோட்டுக்காரன் அதே இடத்துல கோடு அச்சடிப்பான். கோடு மேலோட்டமா இருக்கும், நார் உள்ளே புதைஞ்சிருக்கும். உருப்பெருக்கியில வித்தியாசம் தெரிஞ்சிடும்.

சரி, கண்ணுக்குத் தெரியாத கதிர் உள்ள போய், தெரியற வெளிச்சமா எப்படி வெளியே வருது? தரகர் கணக்குதான். புற ஊதாக் கதிர் அதிக ஆற்றலோட வந்து எலக்ட்ரானை மேல தூக்கி விடுது. எலக்ட்ரான் இறங்கும்போது கொஞ்சம் ஆற்றல் வெப்பமா கழிஞ்சிடும். அது கமிஷன். மிச்சம்தான் ஒளி. கமிஷன் போனதால ஆற்றல் குறைஞ்சு, நீலம், பச்சை, சிவப்புன்னு நம்ம கண்ணுக்கு எட்டற வண்ணமா வருது. 1852-ல ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் இதை விளக்கி, பேரும் வெச்சார். அவர் சோதிச்சதுல ஒண்ணு, மலேரியாவுக்குக் கொடுக்கற குயினைன் கரைசல். இன்னிக்கும் குயினைன் கலந்த டானிக் வாட்டரை இந்த விளக்கடியில வெச்சா நீலமா எரியும்.

வீட்டுல சோதிக்கறவங்களுக்கு ஒரு விஷயம். மலிவு யூவி டார்ச்சோட அலைநீளம் பெரும்பாலும் 395 நானோமீட்டர். அது ஊதா வெளிச்சத்தையும் சேர்த்துக் கொட்டும், மெல்லிய ஒளிர்வு அதுல மூழ்கிடும். 365 நானோமீட்டர்னு கேட்டு வாங்குங்க. கண்ணுல அடிச்சுப் பார்க்காதீங்க.

[காட்சி: யூரோ நோட்டு. விளக்கின் கீழ் சிவப்பு ஒளிர்வு.]

இப்போ ஒரு சந்தேகம் வரணும். ஹைலைட்டர் பேனாவும் இப்படித்தானே ஒளிருது, அந்த மையை வாங்கி அச்சடிச்சா? கண்ணை ஏமாத்தலாம். யூரோ நோட்டுல இந்தச் சிவப்பு எதுலேர்ந்து வருதுன்னு 2002-ல நெதர்லாந்தோட உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ஞ்சு, யூரோப்பியம்னு சொன்னாங்க. ஐரோப்பாவோட பேரைத் தாங்கின தனிமம், ஐரோப்பாவோட பணத்துக்குக் காவல்! யாரோ சிரிச்சுக்கிட்டே தேர்ந்தெடுத்திருப்பாங்கன்னுதான் எனக்குத் தோணுது.

ஹைலைட்டர் சாயத்தோட ஒளி அகலமா பரவிக் கிடக்கும். யூரோப்பியத்தோட சிவப்பு, கத்தியால கீறின மாதிரி மெல்லிய கோடு. இன்னொண்ணு, விளக்கை அணைச்சதும் சாயம் நானோ விநாடிகள்ல அடங்கிடும். யூரோப்பியம் கிட்டத்தட்ட ஒரு மில்லி விநாடி வரைக்கும் இழுக்கும். நமக்கு ரெண்டும் ஒண்ணுதான். நோட்டைச் சரிபார்க்கற மெஷினுக்கு அது பெரிய இடைவெளி. விளக்கை அணைச்சுட்டு, அதுக்கப்புறமும் வெளிச்சம் வருதான்னு அது பார்க்கும்.

[காட்சி: ஒரு மாதிரி காசோலை. தொகை 8,000.]

புதுசா செய்யற போலி ஒரு பக்கம். அசலையே திருத்தறது இன்னொரு பக்கம். இந்த எட்டாயிரத்தை ரசாயனம் போட்டுக் கழுவிட்டு எண்பதாயிரம்னு எழுதணும்னு ஒருத்தர் நினைக்கறார்னு வெச்சுக்குவோம். ரிசர்வ் வங்கி கொண்டுவந்த சிடிஎஸ்-2010 தரத்துப்படி, காசோலைக் காகிதமும் நோட்டு மாதிரி யூவியில மங்கலா இருக்கணும். வங்கியோட சின்னம் விளக்கடியில மட்டும் தெரியற மையில இருக்கணும். அமிலமோ, வெளுப்பானோ பட்டா, காகிதமே கறை காட்டிக் கொடுக்கணும்.

[காட்சி: கழுவிய காசோலை. சாதாரண வெளிச்சம், பிறகு யூவி.]

லேசா கழுவினா சாதாரண வெளிச்சத்துல தப்பிச்சிடலாம். விளக்கைப் போட்டா, தொகை எழுதற கட்டத்தைச் சுத்தி, துணியில தண்ணி ஊறின மாதிரி ஒரு திட்டு. புதுசா செய்யறவன் இல்லாததைக் கொண்டுவந்தா போதும். திருத்தறவன், தன் கண்ணுக்கே தெரியாத ஒண்ணைக் கலைக்காம வேலை பார்க்கணும். என்னைக் கேட்டா ரெண்டாவதுதான் கஷ்டம்.

லஞ்ச ஒழிப்புப் போலீஸ் நோட்டுல தடவற பவுடர் இதுதானான்னு கேட்பீங்க. இல்ல, அது பினாப்தலீன். சோடா உப்புக் கரைசல்ல கையை நனைச்சா இளஞ்சிவப்பாகும். ஒளிர்வுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல.

[காட்சி: கசங்கிய ஐநூறு ரூபாய் நோட்டு, யூவி விளக்கின் கீழ்.]

இது என்னோட நோட்டு. முழுசா நீலமா மின்னுது, போலி மாதிரியே. சட்டைப் பையில இருந்து, சலவைத் தூள்ல ஊறி, வாஷிங் மெஷின்ல சுத்தினது. தூள்ல இருந்த வெளுப்பூட்டி காகிதத்துல ஏறிடுச்சு. ஒரு கடைக்காரர் விளக்கைப் போட்டுப் பார்த்துட்டு, "வேற கொடுங்க சார்"னு திருப்பிட்டார். அவர் மேல தப்பில்ல.

வங்கிக்குக் கொண்டு போனேன். காசாளர் விளக்கையே போடல. வெளிச்சத்துல தூக்கி காந்தி முகத்தோட நீர்க்குறியைப் பார்த்தார், நூலைப் பார்த்தார், மேடா இருக்கற அச்சை விரலால ஒரு தடவு தடவினார். டிராயர்ல போட்டுட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.