துக்கத்தினாலே வந்த நித்திரை

அன்பான சபையாரே, கவலை வந்தால் தூக்கம் போய்விடும் என்றுதான் நாம் எல்லோரும் சொல்வோம். வைத்தியரான லூக்கா வேறு மாதிரி எழுதியிருக்கிறார். இயேசு பிடிபட்ட இராத்திரியில், விழித்திருந்து ஜெபிக்கும்படி அவர் சொல்லியும், கெத்செமனே தோட்டத்தில் சீஷர்கள் ஏன் தூங்கினார்கள்? அவர்கள் கண்கள் நித்திரை மயக்கம் அடைந்திருந்தன என்பதோடு மத்தேயுவும் மாற்கும் விட்டுவிடுகிறார்கள். லூக்கா மட்டும் 22ஆம் அதிகாரத்தில் காரணத்தை ஒரே வார்த்தையில் வைக்கிறார்: ‘துக்கத்தினாலே.’

கெத்செமனே என்றால் எண்ணெய்ச் செக்கு என்று பொருள். நமக்கு எள், அவர்களுக்கு ஒலிவக் காய். பஸ்கா விருந்து முடிந்து, பாட்டுப் பாடி, கெதரோன் ஆற்றைக் கடந்து அங்கே வந்திருக்கிறார்கள். உங்களில் ஒருவன் காட்டிக்கொடுப்பான், நீ என்னை மறுதலிப்பாய் என்றெல்லாம் சற்று முன்புதான் கேட்டார்கள். மனம் தாங்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டது. அவர்களைச் சோம்பேறிகள் என்று திட்டுகிற பிரசங்கங்களை நிறையக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

என் கதையையே சொல்கிறேன். மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய வாரம். விடியற்காலை ஐந்து மணிக்கு ஜெபிக்க உட்கார்ந்தேன். வேதாகமம் இப்போது கைப்பேசியில்தானே இருக்கிறது! சங்கீதத்தைத் திறந்ததும் மேலே வங்கியின் குறுஞ்செய்தி எட்டிப் பார்த்தது. தொட்டேன். நிமிர்ந்தபோது மணி ஆறே கால். இடையில் யாரோ மீன் வறுப்பதையும், எங்கோ பாலம் கட்டுவதையும் கடைசிவரை பார்த்திருக்கிறேன். கண் திறந்துதான் இருந்தது. அதுவும் துக்கத்தினாலே வந்த நித்திரைதான்.

லூக்கா 21ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் பெருந்திண்டி, வெறி, லவுகீக கவலை மூன்றையும் ஒரே மூச்சில் சொல்கிறார். நாமோ குடிகாரனைப் பார்த்து முகம் சுளிக்கிறோம். கவலைக்காரனைப் பொறுப்பான மனுஷன் என்று கமிட்டியில் போட்டுவிடுகிறோம்.

பேதுருவைப் பாருங்கள். எழுப்பியதும் என்ன செய்தான்? இயேசுவைப் பிடிக்க வந்தவர்களில், பிரதான ஆசாரியனுடைய வேலைக்காரனான மல்குஸின் வலது காதைப் பட்டயத்தை உருவி வெட்டினான். பெரிய சுறுசுறுப்பு! தூக்கக் கலக்கத்தில் விழுந்த வெட்டு அது. ஆண்டவர் அந்தக் காதைத் தொட்டுக் குணமாக்க வேண்டியதாயிற்று. ஜெபிக்காமல் ஓடி ஓடி நாம் செய்கிற ஊழியத்தில் எத்தனை பேருக்குக் காது போயிருக்கிறதோ!

அதே பேதுருதான் பிற்பாடு ‘விழித்திருங்கள்’ என்று தம் முதலாம் நிருபத்தில் எழுதுகிறார். 5ஆம் அதிகாரம், 8ஆம் வசனம், எல்லோருக்கும் மனப்பாடம். அதற்கு முந்தின வசனத்தில் இருப்பது ‘உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்.’ பாரத்தை இறக்கிவிட்டுத்தான் காவலுக்கு நிற்கச் சொல்கிறார். மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டே எவ்வளவு நேரம் நிற்க முடியும்?

இந்தப் பாடம் அவருக்கு எப்போது பிடிபட்டது என்று நான் யோசித்ததுண்டு. அப்போஸ்தலர் 12ஆம் அதிகாரம். மறுபடியும் பஸ்கா காலம். சீஷரில் ஒருவரான யாக்கோபை ஏரோது ராஜா கொன்றுவிட்டான், அடுத்தது பேதுரு. 16 சேவகர் முறைவைத்துக் காவல் காக்கிறார்கள். விடிந்தால் விசாரணை. சபையார் ஒரு வீட்டில் கூடி, தூங்காமல் ஜெபிக்கிறார்கள். பேதுருவோ இரண்டு சங்கிலிகளால் கட்டப்பட்டு, இரண்டு சேவகருக்கு நடுவே அயர்ந்து தூங்குகிறார். அறை முழுவதும் வெளிச்சம் வந்தும் அவர் விழிக்கவில்லை. தூதன் விலாவில் தட்டித்தான் எழுப்ப வேண்டியிருந்தது.