கரையில் நிற்கும் தைரியம்

நேயர்களுக்கு வணக்கம். தைரியத்தைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். போர்க்களம், புலி எல்லாம் வேண்டாம், பெசன்ட் நகருக்குப் போவோம்.

எலியட்ஸ் பீச்சில் வெள்ளை வெளேரென்று ஒரு வளைவு நிற்கிறதே, அதன் நிழலில் உட்கார்ந்து சுண்டல் தின்றவர்களில் எத்தனை பேர் கல்வெட்டைப் படித்திருப்பார்களோ! கார்ல் ஷ்மிட் என்ற டென்மார்க் மாலுமியின் நினைவுச் சின்னம் அது. 1930 டிசம்பர் 30ஆம் தேதி, கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய் அங்கே உயிரைவிட்டார். கடலையே பிழைப்பாகக் கொண்டவரையே அது விடவில்லை. அப்புறம் நீச்சல் குளத்தில் நாலு சுற்று போகிற நாம் எம்மாத்திரம்? அவர் துணிச்சல் பெரிது, மறுக்கவில்லை. ஆனால் குதித்தால்தான் வீரம் என்று அந்த வளைவைப் பார்த்து யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மூழ்குகிறவர் மூச்சுக்காகக் கிடைத்ததன் மேல் ஏறுவார். கிட்டே போனால் உங்கள் கழுத்துதான் கிடைக்கும்.

முதலில் இழுப்பை, அதாவது ஆளைக் கடலுக்குள் கொண்டுபோகும் நீரோட்டத்தை, அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு பக்கமும் அலை உடையும், நடுவில் ஒரு சந்து மட்டும் சாதுவாக இருக்கும். நுரையும் கலங்கலும் அதன் வழியே உள்ளே போகும். 'இங்கே அலையே இல்லை பார்' என்று பிள்ளையை அங்கேதான் இறக்குகிறார்கள்! கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிப் போகிற வாசல் அது. வேகம் பிடித்தால் நொடிக்கு இரண்டு மீட்டர்கூடப் போகும். எதிர்த்து நீந்தினால் களைத்துத்தான் மூழ்குவீர்கள். அது அடியில் அமுக்காது, தூரத்துக்குத்தான் கொண்டுபோகும். மல்லாந்து மிதந்து கையைத் தூக்குங்கள். தெம்பிருந்தால் கரைக்கு நேராக வராமல் பக்கவாட்டில் நீந்துங்கள். மெரினாவில் என்றால் நேப்பியர் பாலத்தைப் பார்த்தோ கலங்கரை விளக்கத்தைப் பார்த்தோ.

கரையில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது வேறு. 5 லிட்டர் எண்ணெய் கேன் ஒன்றில் ஒரே ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு, மூடியை இறுக்கிக் கைப்பிடியில் கயிறு கட்டுங்கள். முழுக்கக் காலியாக இருந்தால் கடற்காற்று உங்கள் முகத்துக்கே திருப்பி அடிக்கும். ஆளைக் குறிபார்க்காமல் அவருக்கு அப்பால் போட்டு, மெல்ல அவர் பக்கம் இழுங்கள். கயிறு இல்லையா? புடவை ஐந்தரை மீட்டர் இருக்கிறது. கரையோரத்தில் தத்தளிப்பவருக்கு அது எட்டும். உங்கள் இடுப்பை இரண்டு பேர் பிடித்துக்கொள்ளட்டும். கயிற்றை உங்கள் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது, உங்களையும் இழுத்துவிடும். மீனவர்கள் பக்கத்தில் இருந்தால் ஒருவர் அவர்களிடம் ஓடட்டும்.

இதற்குள் கூட்டம் கத்தும், 'ஆம்பளையா நீ, நின்னு வேடிக்கை பாக்குற!' என்று. தண்ணீரில் பாயப் போகிற தம்பியை இன்னொருவர் கட்டிப்பிடித்து நிறுத்த வேண்டியிருக்கும். அவன் திட்டுவான், அடிப்பான். அந்த ஏச்சையும் அடியையும் வாங்கிக்கொண்டு, கை நடுங்காமல் கேன் மூடியைத் திருகுகிறவரைத்தான் நான் தைரியசாலி என்பேன்.

நேரமாகிவிட்டது என்று ஸ்டூடியோ கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மீட்டவருக்கு மூச்சில்லை என்றால் வயிற்றை அமுக்காதீர்கள், தலைகீழாகத் தூக்காதீர்கள். ஒருவர் 108ஐக் கூப்பிடட்டும். மூக்கைப் பொத்தி வாயோடு வாய் வைத்து ஐந்து முறை ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் ஐந்து சென்டிமீட்டர் இறங்கும்படி 30 அமுக்கு, இரண்டு ஊதல், இப்படியே ஆம்புலன்ஸ் வரும்வரை. எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள், சில மணி நேரம் கழித்தும் மூச்சு திணறலாம். நன்றி, வணக்கம்.